புணே சாலைகளும் எஞ்சின் ஆயிலும்

ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோவும், பிம்ப்ரியில் டாட்டா மோட்டார்ஸும், கட்கியில் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸின் தலைமையகமும், சாக்கணில் ஃபோக்ஸ்வாகன், மஹிந்திரா முதலிய நிறுவனங்களின் ஆலைகளும், கோத்ருடை ஒட்டிய குன்றின் மேல் 1966ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. எனும் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகமும் அமைந்திருப்பதால், எஞ்சினைப் பற்றிய அறிவுக்குப் பஞ்சமில்லாத நகரமாகப் புணே விளங்குகிறது. ஆயினும் எந்த ஆயிலை ஊற்றுவது, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்ற எளிய கேள்விக்கு அந்நகரின் வாகன உரிமையாளர்களிடையே நிலவும் விடைகள் பெரும்பாலும் கேள்விப்பட்டவையாகவும் பழக்கத்தால் வந்தவையாகவுமே உள்ளன. சிலர் 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நல்ல ஆயிலை வீணாக்குகின்றனர். வேறு சிலர் கையேட்டில் உள்ள பெரிய எண்ணை மட்டும் நம்பி, அந்த எண் தங்களுடைய ஓட்டத்துக்குப் பொருந்துமா என்று பாராமல் காத்திருக்கின்றனர்.

ஆயில் எஞ்சினுக்குள் செய்யும் வேலைகள் பல. கிராங்க் தண்டு சுழலும்போது தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே ஒரு மெல்லிய படலமாக நின்று உலோகமும் உலோகமும் உரசாமல் காப்பது அதன் முதல் வேலை. பிஸ்டனின் சூட்டை வாங்கிக் கீழே இறக்குவதும், எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியைத் துகள் துகளாகப் பிரித்துத் தன்னுள் மிதக்க வைப்பதும், அமிலத்தை முறிப்பதும், துருவைத் தடுப்பதும் அடுத்தடுத்த வேலைகள். இவற்றுள் பலவற்றை அடிப்படை எண்ணெய் தனித்துச் செய்வதில்லை; அதனுடன் கலக்கப்படும் சேர்மானங்களே செய்கின்றன. கழுவும் தன்மை கொண்ட கால்சியம், மெக்னீசியம் சேர்மங்களும், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மமும், சூட்டில் ஆயில் நீர்த்துப்போகாமல் தாங்கும் பாலிமர்களும் அவற்றில் முக்கியமானவை. ஆயில் பழசாகிவிட்டது என்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சேர்மானங்கள் செலவழிந்துவிட்டன என்பதே பொருள். ஆகவே நிறத்தைக் கொண்டு ஆயிலின் ஆயுளைக் கணிப்பது தவறு. டீசல் வண்டியில் ஊற்றிய புது ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடுவது, கரியைத் தாங்கி நிற்கும் வேலையை அது சரியாகச் செய்கிறது என்பதற்கான அறிகுறியே.

டப்பாவின் மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 போன்ற குறியீடுகள், அமெரிக்காவில் 1905ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த பிசுக்கு அளவைகளாகும். பிசுக்கு என்பது ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடை. ‘டபிள்யூ’ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது; அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறையக் கடுங்குளிரிலும் ஆயில் இளகி ஓடும். பின்னுள்ள எண் 100 பாகை செல்சியஸ் சூட்டில், அதாவது எஞ்சின் முழுச் சூடேறிய நிலையில், ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைக் காட்டும். 5டபிள்யூ ஆயிலுக்கான குளிர்ச் சோதனை உறைநிலைக்கு 30 பாகை கீழேயும், 20டபிள்யூ ஆயிலுக்கானது 15 பாகை கீழேயும் நடத்தப்படுகின்றன. மார்கழி விடியலிலும் பத்துப் பாகையை ஒட்டியே நிற்கும் புணேயில் இவ்விரண்டு சோதனைகளும் கற்பனைக் குளிர்தான் என்று தோன்றலாம். ஆனால் இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும்போது ஆயில் மேலே உள்ள வால்வுகள் வரை ஏறச் சற்று நேரம் பிடிக்கிறது என்பதும், எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு அத்தகைய தருணங்களில் நேர்கிறது என்பதும் எல்லா ஊருக்கும் பொதுவானவை. முதல் எண் சிறியதாக உள்ள ஆயில் புணேயிலும் விரைவாகவே மேலேறும். பின் எண்ணைப் பொறுத்தவரை, ‘வெயில் ஊர்தானே, கெட்டியான ஆயிலே நல்லது’ என்று 30க்கு 50 ஊற்றுவது நன்மை தராது. ஆயில் செல்லும் நுண்ணிய வழிகளும் பம்பின் அழுத்தமும் குறிப்பிட்ட பிசுக்கை எண்ணி வடிவமைக்கப்பட்டவை என்பதால், கெட்டியான ஆயில் மெல்லச் சுற்றி எரிபொருளைத்தான் கூடுதலாகத் தின்னும்.

பிசுக்கு எண்ணைவிடக் கூர்ந்து பார்க்கவேண்டியவை, டப்பாவின் பின்புறம் சிறிதாக அச்சாகியிருக்கும் தர எழுத்துகள். ஏ.பி.ஐ. என்னும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் ஆயிலுக்கு ‘எஸ்’ என்றும் டீசலுக்கு ‘சி’ என்றும் தொடங்கும் தரங்களை வழங்குகிறது; அவற்றில் இரண்டாம் எழுத்து அகரவரிசையில் பின்னால் வரவரத் தரம் புதியது. 2020இல் நடைமுறைக்கு வந்த ‘எஸ்.பி.’ தரம், டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் எஞ்சின்களில் தீப்பொறி வருமுன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாற்றைத் தடுக்கும் நோக்கிலும் வகுக்கப்பட்டது. இன்று விற்கும் கார்களில் இத்தகைய எஞ்சின்கள் பெருகிவிட்டதால் இந்த எழுத்தைச் சரிபார்ப்பது அவசியமாகிறது. பெட்ரோல் தரங்களில் புதியது பழையதன் வேலையையும் செய்யும். டீசலில் இந்த எழுத்தை மட்டும் நம்புவது போதாது. 2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பி.எஸ். 6 புகை வெளியேற்ற விதிக்குப் பின் வந்த டீசல் கார்களில், புகையின் கரியைப் பிடித்து வைத்துப் பின் எரித்துத் தள்ளும் டி.பி.எஃப். எனும் வடிகட்டி இருக்கிறது. ஆயிலில் உள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்தபின் எஞ்சும் சாம்பலை இந்த வடிகட்டியால் எரிக்க இயலாது. அந்தச் சாம்பல் வடிகட்டியில் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். எனவே சாம்பல் குறைந்த ஆயிலைக் குறிக்கும் ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் கூட்டமைப்பின் ‘சி3’ போன்ற தரமோ, உற்பத்தியாளரே வகுத்த தனி எண்ணோ கையேட்டில் இருந்தால், அதற்கு மாற்று வேறில்லை.

இரு சக்கர வண்டிகளின் நகரமான புணேயில் இன்னொரு குறியீடும் தெரிந்திருக்கவேண்டியது. பல்சர் போன்ற பைக்கில் எஞ்சின், கியர் பெட்டி, கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த கார் ஆயிலை அதில் ஊற்றினால், பிடிக்கவேண்டிய கிளட்ச் தட்டுகள் வழுக்கி, ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறியும் வேகம் ஏறாத நிலை வரும். இதற்காகவே ஜப்பானிய ஜாசோ அமைப்பு நனைந்த கிளட்ச் வண்டிகளுக்கு ‘எம்.ஏ.’, ‘எம்.ஏ.2’ என்றும், கிளட்ச் தனியாக உலர்ந்திருக்கும் கியரில்லா ஸ்கூட்டர்களுக்கு ‘எம்.பி.’ என்றும் பிரித்தது. பைக்கின் கியர்ப் பற்கள் ஆயிலில் உள்ள பாலிமர்களை நறுக்கி அதன் கெட்டித்தன்மையைக் குறைத்துவிடுவதும், கார் மூன்று நான்கு லிட்டர் ஆயிலில் ஓடும்போது பைக்கும் ஸ்கூட்டரும் ஒரு லிட்டர் அளவிலேயே ஓடுவதும், இரு சக்கர வண்டிக்கு ஆயிலை அடிக்கடி மாற்றச் சொல்வதற்கான நியாயமான காரணங்கள்.

செயற்கை ஆயில் என்ற சொல்லுக்கு விளம்பரம் தரும் மதிப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடுமையாகச் சுத்திகரித்துப் பெறும் மூன்றாம் வகை அடிப்படை எண்ணெயையும் செயற்கை ஆயில் என்று விளம்பரப்படுத்தலாம் என்று அமெரிக்க விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று 1999இல், மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் இடையிலான தகராறில் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு அச்சொல் தயாரிப்பு முறையைத் திட்டவட்டமாகச் சொல்லும் சொல்லாக இல்லை. சூட்டைத் தாங்குவதில் செயற்கை ஆயில் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கையேடு கேட்கும் தரத்தை நிறைவு செய்யும் சாதாரண ஆயில், அந்தத் தரம் இல்லாத விலையுயர்ந்த செயற்கை ஆயிலைவிட எஞ்சினுக்கு நல்லது.

மாற்றும் காலம் பற்றிய கேள்வியில்தான் புணேயின் சாலைகள் கணக்குக்குள் வருகின்றன. பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, சிலவற்றுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது என்று கையேடுகள் கூறுகின்றன. ஆனால் ஆயில் உழைப்பது தூரக் கணக்கில் அன்று; எஞ்சின் ஓடும் மணிக் கணக்கில். டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டுப் போக்குவரத்து அறிக்கை புணேயில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 33 நிமிடங்களுக்கு மேல் பிடிப்பதாகக் கண்டு, உலகின் மிக மெதுவான நகரங்களுள் நான்காம் இடத்தை அதற்கு வழங்கியது. மணிக்கு 18 கிலோமீட்டர் என்ற அந்த வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓடும் கார் ஏறத்தாழ 550 மணி நேரம் உழைக்கிறது. அதே தூரத்தை மும்பை விரைவுச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் கார் 125 மணி நேரமே உழைக்கிறது. ஓடோமீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண். ஆயிலின் நிலையோ முற்றிலும் வேறு. ஹிஞ்ஜவடி சாலையில் தினமும் ஊர்ந்து செல்லும் வண்டியைத்தான் கையேடுகளின் பிற்பகுதியில் ‘கடும் பயன்பாடு’ என்ற தலைப்பு குறிக்கிறது. நெரிசல், புழுதி, குறுந்தூர ஓட்டம் ஆகியவற்றுக்கு அங்கே தனி இடைவெளி தரப்பட்டிருந்தால், புணேவாசிகள் பலருக்கும் பொருந்தும் அட்டவணை அதுவே. தரப்படவில்லையெனில் 10,000 என்பதை 7,000 அளவில் நிறுத்திக்கொள்வது தகும்.

குறுந்தூர ஓட்டம் தனியாகக் கவனிக்கத்தக்கது. டெக்கனிலிருந்து சதாசிவப் பேட்டைக்கு இரண்டு கிலோமீட்டர் போய்வரும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடேறுவதே இல்லை. எரிவதால் பிறக்கும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து, ஆவியாகிப் போக வழியின்றித் தங்குகின்றன. டி.பி.எஃப். உள்ள டீசல் வண்டியில் வடிகட்டியைச் சுத்தம் செய்யக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலும் ஆயிலில் இறங்கும். அதனால் ஆயிலின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கில் அளவு கூடினால் அது மகிழ்ச்சிக்குரியதன்று, உடனே மாற்றவேண்டிய நிலை. இத்தகைய வண்டியை மாதத்தில் சிலமுறை விரைவுச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுவது ஆயிலுக்குப் பெரும் உதவி. குறைவாக ஓடும் வண்டிக்கும் ‘ஓராண்டு’ என்ற வரம்பு விதிக்கப்படுவது இதனால்தான்.

மறுபக்கம், 3,000 கிலோமீட்டர் என்ற பழைய விதியைக் கார்களுக்கு இன்றும் பிடித்திருப்பது தேவையற்ற செலவு. அது எரிபொருளில் கந்தகம் மிகுந்திருந்த காலத்து விதி. கந்தகம் எரிந்து அமிலமாகி ஆயிலின் காரச் சேர்மானத்தை விரைவில் தீர்த்துவிட்டது. பி.எஸ். 6 எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான்.

இவை எல்லாவற்றையும்விட எளிமையான கடமை ஒன்று பரவலாகக் கைவிடப்பட்டிருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்ப்பதே அது. பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஒரு லிட்டர் அளவு வேறுபாடு உண்டு. சர்வீஸுக்குச் சர்வீஸ் மட்டும் மூடியைத் திறக்கும் பழக்கத்தில், ஆயில் மெல்லக் குறைந்து எஞ்சின் இறுகிப்போகும் வாய்ப்பு, ஆயில் சற்றுப் பழசாவதால் வரும் கேட்டைவிட மிகப் பெரிது. மாதம் ஒருமுறை இதைப் பார்ப்பதும், ஆயிலுடன் ஃபில்டரையும் மாற்றுவதும், புழுதி மிகுந்த மாதங்களில் ஏர் ஃபில்டரைக் கவனிப்பதும் போதும்.

ஆயிலை வாங்கும்போது டப்பாவின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தே வாங்கவேண்டும். ஊற்றி முடிந்த காலி டப்பாவைக் கத்தியால் கிழித்தபின் எறிந்தால் அதில் போலி ஆயில் நிரப்பப்படாது. வடித்த கறுப்பு ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல் அதைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிப்பதில் உற்பத்தியாளர்களுக்கும் பொறுப்பு விதிக்கப்பட்டுள்ளது. வீட்டிலேயே ஆயில் மாற்றுவோர் அதைச் சாக்கடையில் ஊற்றினால் அது முட்டா நதிக்கே போய்ச் சேரும். ஒரு கேனில் மூடி வைத்து, பழைய ஆயிலை முறைப்படி சேகரிக்கும் சர்வீஸ் மையத்தில் ஒப்படைப்பது வாகன உரிமையாளர் ஒவ்வொருவரின் கடமை.