செத்துப்போன கப்பல் அனுப்பிய மெசேஜ்

போன எபிசோட்ல ஆதென்டிகேஷன் பத்திப் பேசும்போது நேரம் பத்தாம விட்டுப்போன கதை ஒண்ணு இருக்கு. அதில் கம்ப்யூட்டரே கிடையாது. ஆனா ரெண்டு சர்வர் ஒண்ணையொண்ணு "டவுன்"னு நினைச்சுக்கிட்டா என்ன ஆகும்னு அதை விடத் தெளிவா எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்ல.

1942 நவம்பர். 'ஒண்டினா'ங்கிற டச்சு எண்ணெய்க் கப்பல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலில் இருந்து காலி டேங்க்குகளோட கிளம்பியது. போக வேண்டிய இடம் ஆபாதான். அதாவது, நம்ம கோபார் கார்னிஷில் நின்னு பார்க்கிற இதே வளைகுடாவின் வடக்கு மூலை. துணைக்கு வந்தது ராயல் இந்தியன் நேவியின் 'பெங்கால்'. சிட்னியில் கட்டி, ஆகஸ்ட்லதான் பணியில் சேர்ந்த புத்தம்புதுக் கப்பல். மாலுமிகளில் பெரும்பாலானவங்க இந்தியர்கள். எடை சுமார் 650 டன். வரவேண்டிய 4 அங்குலப் பீரங்கி கிடைக்காததால், மாட்டியிருந்தது சின்ன 12 பவுண்டர்.

நவம்பர் 11, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே நடுக்கடல். எதிரே ரெண்டு ஜப்பானியக் கப்பல்கள்: ஹோகோகு மாரு, ஐகோகு மாரு. ஒவ்வொண்ணும் 10,000 டன்னுக்கு மேல. பயணிகள் கப்பலா கட்டினதை ஆயுதம் பூட்டிப் போருக்கு இறக்கியிருந்தாங்க.

பெங்கால் கேப்டன் வில்சன் ஒண்டினாவைத் தப்பிக்கச் சொல்லிட்டு, நேரா எதிரியை நோக்கித் திருப்பினார். கொசு யானையைத் துரத்தின மாதிரி. ஆனா ஒண்டினாவின் வேகம் வெறும் 12 நாட். ஓடியும் பிரயோஜனம் இல்ல. அதனால அதுவும் தன்னோட ஒரே 4 அங்குலப் பீரங்கியால சுட ஆரம்பிச்சது. கையில் இருந்தது 32 குண்டு. கொஞ்ச நேரத்தில் ஹோகோகு மாரு தீப்பிடிச்சு, வெடிச்சு, மூழ்கியே போச்சு.

இனிதான் நம்ம சமாச்சாரம்.

குண்டு தீரப்போற நிலையில பெங்கால் புகைத்திரை போட்டு விலகியது. அடி பலமா வாங்கியும் ஒரு உயிர்கூடப் போகல. ஆனா கடைசியா அது பார்த்தது, ஷெல் விழுந்துக்கிட்டிருந்த ஒண்டினாவை. "ஒண்டினா மூழ்கிவிட்டது"ன்னு ரிப்போர்ட் போச்சு.

ஒண்டினா மூழ்கல. குண்டு தீர்ந்ததும் எல்லாரும் படகில் இறங்கினாங்க. கேப்டன் ஹோர்ஸ்மன் ஷெல் அடிபட்டு இறந்துபோனார். டார்பிடோ துளைச்சும், டேங்க் காலியா இருந்ததால கப்பல் மிதந்தது. ஜப்பானியர்கள் படகுகள் மேலயே மெஷின்கன்னால சுட்டுட்டு, தங்கள் ஆட்களைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. மிச்சமிருந்தவங்க திரும்ப ஏறி, தீயை அணைச்சு, எஞ்சினையும் ஓட வச்சாங்க. நினைச்சுப் பாருங்க, சாயங்காலம் வரைக்கும் எதிரி திரும்பி வருவானான்னு தெரியாது.

காயம்பட்டவங்களுக்கு டாக்டர் வேணும். ஆனா கப்பலை விடும்போது முறைப்படி ரகசியக் கோட் புத்தகங்களைக் கடலில் போட்டாச்சு. நம்ம பாஷையில் சொன்னா, ப்ரைவேட் கீயை டெலீட் பண்ணியாச்சு. வேற வழியில்லாம சாதாரண மொழியில் உதவி கேட்டு ரேடியோவில் அனுப்பினாங்க. கொழும்பில் அது கேட்டது. கேட்டு என்ன பண்ண? ரெக்கார்ட் படி அந்தக் கப்பல் செத்துப்போச்சு. மெசேஜில் கோட் இல்ல. ஜப்பான்காரன் பொறின்னு ஒதுக்கிட்டாங்க.

கொழும்பைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. அந்த ஷிஃப்டில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன், நீங்களும்தான். ரெண்டு விதியுமே சரியானவை. ரெண்டும் சேர்ந்த இடத்தில்தான் ரத்தம் சிந்தின ஆளுக்குப் பதில் வரல.

ஒண்டினா தன் பாட்டுக்குத் தட்டுத்தடுமாறி நவம்பர் 18 ஃப்ரீமேண்டில் போய்ச் சேர்ந்தது. பெங்கால் அதுக்கு முன்னாடியே டியகோ கார்சியா அடைஞ்சிருந்தது. ஹோகோகு மாருவை வீழ்த்தினது யார் குண்டுங்கிற வழக்கு மட்டும் இன்னும் தீரல. அந்த 4 அங்குலப் பீரங்கி மேலதான் எனக்குச் சந்தேகம். பெங்கால் சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தியக் கடற்படையில் ஓடி, 1960ல் உடைக்கப்பட்டது.