முன்பின் தெரியாதவருக்கு ‘கேர் ஆஃப்’

பம்பாய்க்குப் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு முதலில் கிடைத்த சொத்து ஒரு ‘கேர் ஆஃப்’ முகவரிதான். மாதுங்காவிலோ தாராவியிலோ முன்னதாக வந்து குடியேறிய பெரியப்பா ஒருவர் இருப்பார். இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட அண்ணன், அதுவும் இல்லாவிட்டால் ஓர் ஊர்க்காரர். வேலைக்கு விண்ணப்பம் போவதும் வீட்டுக் கடிதம் வருவதும் அவர் பெயரில்தான். முகவரி கொடுத்தவருக்கு நம்மைத் தெரியும், நம் அப்பாவையும் தெரியும். நாம் ஏதாவது ஏடாகூடம் செய்தால் போலீஸ்காரர் முதலில் தம் கதவைத்தான் தட்டுவார் என்பதும் தெரியும். தெரிந்தேதான் கொடுத்தார்.

இன்று நம் வீடுகளில் சில, முன்பின் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் இப்படிக் ‘கேர் ஆஃப்’ ஆகிக்கொண்டிருக்கின்றன. இந்த முறை முகவரி கொடுப்பவருக்கே தெரியாமல்! நான் சொல்வது இன்டர்நெட் முகவரியை. தொலைபேசித் துறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், எங்கள் கட்டடத்தில் யார் வீட்டு இணைப்பு தகராறு செய்தாலும் என் வீட்டு மணிதான் அடிக்கும். அப்படி வந்து சேர்ந்த விவகாரம் ஒன்றைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை.

நம் வீட்டு இணைப்புக்கு ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. நாம் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அந்த எண் அங்கே போய்ச் சேருகிறது. அதை மறைக்க வேண்டுமானால் நடுவில் ஓர் ஆளை நிறுத்தலாம். நம் கோரிக்கையை அவர் வாங்கி, தம் முகவரியைப் போட்டு அனுப்பி, பதிலை நம்மிடம் தருவார். இந்த நடு ஆளுக்குப் பெயர் ப்ராக்ஸி. கல்லூரியில் வகுப்புக்கு வராத நண்பனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொன்னவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வி.பி.என். என்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். நம்மிடமிருந்து அந்த நடு ஆள் வரை பூட்டுப் போட்டு அனுப்புவது கூடுதல் வசதி.

பெயரை மறைப்பதெல்லாம் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ‘பெயர் வெளியிட விரும்பாத வாசகர்’ எழுதாத பத்திரிகை உண்டா? வீட்டிலிருந்து அலுவலகக் கோப்பைத் திறக்கவும் வி.பி.என். வேண்டும். பல கைகள் மாற்றி அனுப்பி அனுப்பியவரை மறைக்கும் ‘ஆனியன்’ முறையே 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக் கூடத்தில்தான் உருவானது. ப்ராக்ஸி இருப்பதில் தவறில்லை. அந்த ப்ராக்ஸி யாருடைய வீடு என்பதுதான் கேள்வி.

பெரிய கம்ப்யூட்டர் மையங்களிலிருந்து வரும் கோரிக்கைகளைத் தளங்கள் இப்போது சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. வீட்டு இணைப்பிலிருந்து வந்தால் ‘குடும்பஸ்தர்’ என்று விட்டுவிடுகின்றன. ஆகவே மோசடிக்காரர்களுக்கு வீட்டு முகவரி என்றால் தனி மவுசு. அதை வாடகைக்கு விடும் வியாபாரமே நடக்கிறது. சரக்கு எங்கிருந்து கிடைக்கும்? நம் வீட்டிலிருந்துதான். ‘இலவச வி.பி.என்.’, திருட்டு மென்பொருள், தமிழ்ப்படம் ஓசியில் காட்டும் செயலி இவற்றின் மடியில் ஒளிந்துகொண்டு ஒரு சின்ன நிரல் உள்ளே வரும். அது எதையும் அழிக்காது, பணம் கேட்டு மிரட்டாது. நம் இணைப்பின் வழியே அடுத்தவர் போக்குவரத்தை ஓசைப்படாமல் விட்டுக்கொண்டிருக்கும். வைரஸ் வந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிடும் என்று பழகிய நமக்கு, ஒன்றுமே ஆகாமல் இருப்பதுதான் இதில் ஆபத்து.

கதையல்ல, வழக்குப் பதிவானது. ‘911 எஸ்5’ என்ற ப்ராக்ஸி வியாபாரத்தை நடத்தியதாக யுன்ஹே வாங் என்ற சீன நாட்டவர் 2024 மே மாதம் கைதானார். அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட கணக்குப்படி, அவரிடம் சிக்கிய ஐ.பி. முகவரிகள் 1 கோடியே 90 லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய 200 நாடுகளைச் சேர்ந்தவை. மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என்., ஷைன் வி.பி.என். என்ற பெயர்களில் இலவசமாகக் கொடுத்தே இவ்வளவு வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறார்கள். அந்த முகவரிகளைக் காசு கொடுத்து வாங்கியவர்கள், கோவிட் காலத்து அமெரிக்க நிவாரணத் திட்டங்களில் மட்டும் 590 கோடி டாலருக்கு மேல் சுருட்டியதாக அரசுத் தரப்பு சொல்கிறது. ஒவ்வொரு போலி விண்ணப்பத்துக்கும் பின்னால் பதிவானது யாரோ ஓர் அப்பாவியின் வீட்டு எண்.

செயலியாவது நாமே இறக்கிக்கொண்டது. கடையிலிருந்து வரும்போதே கெட்டுப்போய் வருவதும் உண்டு. மலிவு விலை ஆண்ட்ராய்டு டி.வி. பெட்டிகளுக்குள் தயாரிப்பிலேயே இத்தகைய நிரல் புதைந்திருப்பது 2023-இல் வெளிவந்தது. ‘பேட்பாக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 2024 டிசம்பரில் ஜெர்மனி அரசு தன் நாட்டில் மட்டும் இப்படிப்பட்ட 30,000 கருவிகளின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூலையில் கூகுள் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனபோது, உலகெங்கும் ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள் இந்த வலையில் சிக்கியிருப்பதாகச் சொன்னது.

இனி எங்கள் கட்டடத்து விவகாரம். மூன்றாவது மாடியில் திருநெல்வேலிக் குடும்பம். மகள் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஒரு தளத்தில் பெயர் பதிவு செய்யவேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று நாள். விவரங்களை நிரப்பி அழுத்தினால், ‘உங்கள் முகவரி தடை செய்யப்பட்டுள்ளது’ என்று வருகிறது. இரண்டு நாளாக இதே கதை. வேறு தளங்களிலோ, போக்குவரத்து விளக்குப் படத்தையும் பஸ் படத்தையும் காட்டி ‘நீ மனிதன்தானா, நிரூபி’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது.

“மாமா, இதுவரைக்கும் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. அதுக்குள்ள எதுக்குத் தடை பண்ணுறாங்க? நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்றாள் அந்தப் பெண். கண் கலங்கியிருந்தது. இணைப்பு கொடுத்தவர்களைக் கேட்டதற்கு, ‘ரூட்டரை அணைத்துப் போடுங்கள்’ என்ற மந்திரத்தைத்தான் சொன்னார்களாம்.

“நீ பண்ணலம்மா. உன் வீட்டு நம்பர் ஏதோ பண்ணியிருக்கு” என்று சொல்லி, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயலச் சொன்னேன். முதல் தடவையிலேயே பதிவாகிவிட்டது. ஆக, குறை அவள் கம்ப்யூட்டரிலோ விண்ணப்பத்திலோ இல்லை, வீட்டு இணைப்பில்தான்.

அப்பாவை அழைத்து மாதாந்திர டேட்டா கணக்கைத் திறக்கச் சொன்னேன். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்த பத்து நாட்களிலும் தினமும் டேட்டா செலவாகியிருந்தது! பூட்டிய வீட்டில் ரூட்டரைத் தவிர ஓடிக்கொண்டிருந்தவை இரண்டே: ஃப்ரிட்ஜ், டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. ஃப்ரிட்ஜ் பழசு, அதற்கு இன்டர்நெட் தெரியாது. பெட்டியோ, பாட்டி எல்லாத் தமிழ்ச் சேனலும் சந்தா இல்லாமல் பார்க்கட்டும் என்று ஆன்லைனில் மலிவாக வாங்கியது. “முதல்ல மாட்டும்போது, பிளே ப்ரொடெக்ட்டை அணைச்சிடுங்கன்னு அதுவே கேட்டுச்சு அண்ணாச்சி” என்றார் அவர். காவல்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்று கேட்ட பெட்டி! அதைப் பிடுங்கி வைத்த இரவிலிருந்து, காரணமில்லாத டேட்டா செலவு நின்றது.

தடை எப்படி வருகிறது என்றால், தொல்லை கொடுத்த முகவரிகளுக்குப் பட்டியல் போடும் அமைப்புகள் இருக்கின்றன. 1998-இல் லண்டனில் தொடங்கிய ‘ஸ்பாம்ஹவுஸ்’ அவற்றில் பெரியது. தளங்கள் இவ்வகைப் பட்டியல்களைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கின்றன. நம் எண் அதில் இருக்கிறதா என்று ஸ்பாம்ஹவுஸ் தளத்திலேயே பார்க்கலாம். குறையைச் சரி செய்தபின் நீக்கச் சொல்லியும் கேட்கலாம். கட்டணம் கிடையாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். நம் ஆசிய-பசிபிக் பகுதியின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. அதனால் இணைப்பு நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே எண்ணைக் கொடுக்கின்றன. சால் வாழ்க்கையில் மாடிக்கு ஒரு குழாய் போல. எங்கோ ஒரு வீட்டின் கெட்ட பெட்டிக்காக, ஒரு பாவமும் அறியாத நாமும் வெளியே நிற்க நேரலாம். நம் வீட்டுக் கருவிகள் எல்லாம் சுத்தம் என்று உறுதியானால், இணைப்பு நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு எண் கேளுங்கள். தடையைத் தாண்ட இன்னொரு இலவச ப்ராக்ஸியைத் தேடிப் போகவேண்டாம். அதன் வழியே உங்கள் பாஸ்வேர்டும் போகும் என்பது ஒரு பக்கம்; அந்த எண் ஏற்கெனவே பட்டியலில் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது இன்னொரு பக்கம்.

மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு 2017 முதல் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ என்ற துப்புரவு மையத்தை நடத்துகிறது. ஒளிந்திருக்கும் நிரல்களைக் கண்டுபிடித்து அகற்றும் கருவிகள் அங்கே இலவசம். தளத்தின் பெயர் சி.எஸ்.கே. டாட் கவ் டாட் இன். நம்மவர்கள் மறக்கமுடியாத மூன்றெழுத்து. தோனி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் இது உதவும். ரூட்டருக்கு, வாங்கியபோது வந்த பாஸ்வேர்டை மாற்றி, மென்பொருளைப் புதுப்பித்தாலே பாதி வேலை முடிந்தது. உங்கள் முகவரியிலிருந்து ஏதோ குற்றம் நடந்ததாக நோட்டீஸ் வந்தால் பயந்து பெட்டியை ஒளித்துவைக்காதீர்கள். அதுதான் உங்கள் பக்கத்துச் சாட்சி. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

மூன்றாவது மாடிக்காரர், பெட்டியை ‘ரீசெட்’ செய்து பழைய சாமான் விற்கும் தளத்தில் போட்டுவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தயாரிப்பிலேயே புதைத்த நிரல் ரீசெட்டுக்குப் போகாது. வாங்குகிற வீட்டில் போய் அதே வேலையைத் தொடங்கும். ஒயரைக் கத்தரித்து, மின்கழிவு வாங்கும் ஆளிடம் கொடுத்தோம். பாட்டிக்கு இப்போது டி.டி.எச்.சில் தமிழ்த் தொகுப்பு. முன்பு வந்த இரண்டு சேனல் இதில் வரவில்லை என்று என்மீது அவருக்குக் கொஞ்சம் கோபம்.