தோல்விக்கும் ஒரு விருது

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, மும்பையிலோ டெல்லியிலோ ஒரு சிறு கடையை நிலைநிறுத்தியிருக்கிறீர்கள். புதிதாக ஒன்றைச் செய்துபார்க்கும் எண்ணமும் எழுந்திருக்கும். பணம் போய்விடுமே என்பதைவிட, 'தோற்றுப்போனான்' என்று உறவினர் பேசுவார்களே என்பதல்லவா உங்களை அதிகமாய்த் தடுக்கிறது?

டாடா குழுமம் தன் நிறுவனங்களின் புத்தாக்கங்களுக்குப் பரிசளிக்கும் 'இன்னோவிஸ்டா' போட்டியில், துணிந்து முயன்றும் பலன் தராமற்போன முயற்சிகளுக்கென்றே 'டேர் டு டிரை' என்னும் விருதை ஏற்படுத்தியது. விந்தைதான்! தோற்றதை ஒப்புக்கொள்ளத் தொடக்கத்தில் முன்வந்தவர்கள் மிகச் சிலரே; பின்னர் பெருகினர்.

அக்குழுமத்தின் நானோ காரையே பாருங்கள். 2008 ஜனவரியில் ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே வியந்தது. 2018 ஜூன் மாதத்தில் உற்பத்தியானதோ ஒரே ஒரு கார். 'மிக மலிவான கார்' என்று விளம்பரப்படுத்தியது தவறு என்பதை ரத்தன் டாடா வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

"அவர்களுக்கு இழக்கப் பணம் உண்டு, எனக்கு ஏது?" என்பீர்கள். நியாயமே. ஆகவே அளவைச் சிறிதாக்குங்கள். மளிகைக்கடையில் கம்பு மாவு விற்க விரும்பினால், அலமாரியில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு மாதம் போதும். வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் தொடாத தொகையாயிருக்கட்டும். கடன் வேண்டவே வேண்டாம். போனாலும் போகட்டும் என்று ஒதுக்கிய அத்தொகையை வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

மாவு விற்கவில்லையா? வழக்கமாய் வருகிறவர்களிடம் காரணத்தைக் கேளுங்கள். பொட்டலம் பெரிதாயிருந்தது என்று ஒருவர் சொல்லக்கூடும்.