கல்வெட்டில் பெயர் யாருடையது?

ஒரு கட்டடம் எழுகிறது. அடிக்கல் நாட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. திறந்து வைத்தவர் பெயரும் அருகிலேயே இருக்கிறது. சாந்துச் சட்டி சுமந்தவளின் பெயர் எங்கே? கம்பி கட்டியவனின் பெயர் எங்கே? சோப்புக்கட்டி வாங்கும்போதும், செருப்பு வாங்கும்போதும் வரி கட்டி, அந்தக் கட்டடத்துக்குப் பணம் தந்த ஏழையின் பெயர் எங்கே? எங்குமில்லை. ஆனாலும் உடைமை அவர்களுடையதுதான்!

இதை ஆளவந்தோர் மறந்தால் என்ன நேரும்? சென்னை கோட்டூர்புரத்தைப் பாருங்கள்.

2010 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். கலைஞர் அரசு அங்கே அண்ணா நூற்றாண்டு நூலகத்தைத் திறந்தது. 8 ஏக்கர் நிலம். 12 இலட்சம் நூல்கள் கொள்ளும் மாளிகை. பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பகுதி, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவும் ஓர் இடம். ஓரறை வீட்டில் இடமின்றித் தவித்த தொழிலாளியின் மகனுக்கு ஒரு படிப்பறை கிடைத்தது.

ஓராண்டு சென்றது. ஆட்சியும் மாறிற்று. 2011 நவம்பர் 2 அன்று வந்தது அறிவிப்பு: நூலகம் நுங்கம்பாக்கம் போகுமாம், அந்தக் கட்டடம் குழந்தைகள் மருத்துவமனை ஆகுமாம்! மருத்துவமனை வேண்டாமென்று யார் சொன்னார்கள்? நூல் அடுக்கக் கட்டிய இடத்தில்தானா கட்டில் போட வேண்டும் என்றே கேட்டோம். வழக்கு உயர்நீதிமன்றம் ஏறிற்று. அம்மாதமே தடை கிடைத்தது. நூலகம் நிலைத்தது, இன்றும் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்வோம். சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்குமாக ஓமந்தூரார் வளாகத்தில் எழுந்த கட்டடம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2011-இல் வந்த அரசு கோட்டைக்கே திரும்பியது. 2014-இல் அங்கே பன்னோக்கு மருத்துவமனை வந்தது. நம் நெஞ்சு வேகாமலா இருந்தது? வெந்தது! ஆனால் 2021-இல் கழக ஆட்சி மலர்ந்தபோது, நோயாளியைக் கிளப்பிவிட்டு அங்கே நாற்காலி போடவில்லை. மருத்துவமனை மருத்துவமனையாகவே தொடர்ந்தது. அதுதான் முறை. பழிதீர்த்துக்கொள்ளக் கட்டடம் என்ன பகையாளியா?

தோழர்களே! உங்கள் ஊரில் பள்ளிக்கூடம் எழலாம், பாலம் எழலாம். எந்தக் கட்சி எழுப்பினாலும் காசு நம்முடையது. கலவையில் சிமெண்டு குறைகிறதா, நின்று பாருங்கள். கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா, கேளுங்கள். திறப்புவிழா முடிந்தும் பூட்டிக் கிடக்கிறதா, குரல் கொடுங்கள். ஆட்சிக்கு ஐந்தாண்டு, கட்டடத்துக்கோ ஐம்பதாண்டு. கல்வெட்டில் பெயர் எவருடையதாகவும் இருக்கட்டும். சாவி மக்களிடம் இருக்க வேண்டும்!