வான்வழித் தொலைவும் பயண நேரமும்

இரு நகரங்களுக்கு இடையே விமானம் பறக்கும் நேரம் வேறு. பயணி வீட்டைவிட்டுப் புறப்பட்டு, சேருமிடம் அடையும் நேரம் வேறு. போக்குவரத்துத் திட்டங்களை வகுக்கும்போது இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதினால், முதலீடு பயன் குறைந்த இடத்திற்குச் சென்றுவிடக் கூடும். சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்திற்கு மாறிய வரதய்யபாளையம் இதனை விளக்கத் தக்க சான்றாகும்.

வான்வழித் தொலைவு, புவியின் வளைந்த பரப்பில் இரு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளமாகும். மலைகளையும் ஆறுகளையும் சுற்றிச் செல்லும் இருப்புப்பாதை இதைவிட நீளமானது. சென்னைக்கும் தில்லிக்கும் இடையே இரயில் வழி சுமார் 2,180 கிலோமீட்டர். வான்வழி சுமார் 1,750 கிலோமீட்டர். அதாவது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இத்தொலைவைக் கடக்க 2 மணி 11 நிமிடங்கள் போதும். ஆயினும், கால அட்டவணையில் அதைவிட அரை மணிக்கும் மேலாகவே ஒதுக்கப்படுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லுதல், மேலெழுதல், தரையிறங்க முறை காத்தல் ஆகியவற்றுக்கு இந்நேரம் செலவாகிறது. தொலைவு குறைந்தாலும் இச்செலவு பெரிதாகக் குறைவதில்லை. ஆகவேதான், ரேணிகுண்டா, சென்னை விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டரே இருப்பினும், அங்குச் சாலையும் இரயிலுமே சிறந்த சாதனங்களாக விளங்குகின்றன.

வரதய்யபாளையம் இவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்டது. நேர்க்கோட்டில் ரேணிகுண்டா சுமார் 40 கிலோமீட்டர். சென்னை மீனம்பாக்கம் சுமார் 70 கிலோமீட்டர். அருகிலுள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தினரும் இதே தேர்வை எதிர்கொள்கின்றனர். ஐதராபாத்துக்கு ரேணிகுண்டாவிலிருந்து வான்வழியே சுமார் 415 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சுமார் 505 கிலோமீட்டர். வானில் இந்த 90 கிலோமீட்டர் வேறுபாடு ஏழு நிமிடங்களே. தரையிலோ, பெருநகர நெரிசலைக் கடந்து மீனம்பாக்கம் சேர்வது அதனினும் பன்மடங்கு நேரத்தை விழுங்கும். மாறாக, சென்னையில் விமானங்கள் மிகுதி; காத்திருக்கும் நேரம் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். விமான நிலையம் சேர ஒன்றரை மணி, அங்குச் சோதனைகளுக்கும் காத்திருப்புக்கும் ஒன்றரை மணி, பறக்க ஒன்றேகால் மணி, இறங்கி ஐதராபாத் நகருக்குள் செல்ல ஒரு மணி என்றால், மொத்தம் ஐந்தேகால் மணி. இதில் பறக்கும் நேரம் கால் பங்கிற்கும் குறைவு. பறக்கும் நேரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏழெட்டு நிமிடங்கள் மிச்சமாகும். சாலைப் பயண நேரம் அதே விகிதத்தில் குறைந்தால் பதினைந்து நிமிடங்கள் மிச்சமாகும்.

சிறு நகரங்களுக்கு விமான சேவையை விரிவாக்கும் 'உடான்' திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து தில்லிக்குப் புறப்பட்டது. கட்டணத்தைக் குறைக்கும் இத்தகைய முயற்சி வரவேற்கத்தக்கதே. எனினும், விமான நேரங்களுக்கு இசைந்த பேருந்துகளும், தடா–ஸ்ரீகாளஹஸ்தி சாலை போன்ற இணைப்புச் சாலைகளின் மேம்பாடும் உடன் அமைந்தாலன்றி, சிற்றூர் மக்களுக்கு அதன் முழுப்பயன் கிட்டாது. விமான நிலையத்தின் பயனை அளக்க வேண்டியது ஓடுபாதையிலிருந்து அன்று; பயணியின் வீட்டு வாயிலிலிருந்தே.