விடுதலைப் பாட்டுக்குக் கிடைத்த விடுதலை

ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம்? எழுதிய கவிக்கா, பாடிய பாடகிக்கா, பணம் கொடுத்து உரிமை வாங்கிய முதலாளிக்கா, அல்லது கேட்டு மகிழ்ந்த ஜனங்களுக்கா? சாதாரண நாளில் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் தேசம் சுதந்திரம் அடைந்த சமயத்தில் தமிழ்நாடு இதற்கு விடை தேடியே தீர வேண்டியதாயிற்று. அப்படிச் செய்த பாட்டுக்களில் முதன்மையானது பாரதியாரின் 'சுதந்திரப் பள்ளு'. அது வெள்ளித் திரை ஏறியதோ சென்னைப் பட்டணத்தில் உருவான படத்தில் அல்ல. செட்டிநாட்டுச் சீமையிலே உருவான படத்தில்!

நாச்சியாபுரம், காரைக்குடி, தேவகோட்டை என்று சொன்னதும் நமக்கு மாளிகை போன்ற வீடுகளும், பர்மாத் தேக்கும், கொண்டுவிற்கப் போன செட்டியார்களுமே ஞாபகத்துக்கு வருவார்கள். சங்கீதத்துக்கும் அந்தச் சீமையில் ஒரு வியாபாரம் இருந்தது. காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திய கடையில் கிராமபோன் தட்டுக்களும் விற்றார்கள். அவருடைய புதல்வர் ஸ்ரீ மெய்யப்ப செட்டியார், 1907-ஆம் வருஷம் பிறந்தவர். தட்டு விற்பதோடு நிற்காமல், நண்பர்களுடன் சென்னையில் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' ஆரம்பித்துத் தட்டுத் தயாரிப்பிலும் இறங்கினார்.

பிறகு டாக்கி வந்தது. 1935-இல் எடுத்த 'அல்லி அர்ஜுனா' கையைக் கடித்தது. அடுத்து வந்த 'ரத்னாவளி'யும் கை கொடுக்கவில்லை. ஆயினும் குரல் வேறு, முகம் வேறு என்ற ரகசியத்தை அவர் பிடித்துக் கொண்டார். 1938-இல் வெளியான 'நந்தகுமார்' படத்தில், திரையில் நடித்தவருக்கு லலிதா வெங்கட்ராமன் பின்னணியில் பாடினார். தமிழ்ப் படத்தில் அது புதுமை. 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யிலும் கதாநாயகி ருக்மணிக்குப் பதிலாகப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். படம் ஓடு ஓடென்று ஓடிற்று.

யுத்த காலத்துக் கஷ்டங்களால் சென்னையில் ஸ்டூடியோ அமைக்க வசதி கிட்டவில்லை. ஆகவே சொந்தச் சீமைக்கே திரும்பித் தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். நாடகக் கொட்டகை ஸ்டூடியோ ஆயிற்று. ஸ்ரீ ப. நீலகண்டனின் நாடகத்தைத் தழுவி 'நாம் இருவர்' அங்கேதான் தயாராயிற்று.

அந்தப் படத்துக்குப் பாரதி பாடல்கள் வேண்டியிருந்தன. இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பாரதியார் 1921-இல் மறைந்தார். வறுமையிலே வாழ்ந்த அந்தக் கவியின் பாட்டுக்களை இசைத்தட்டில் பதியும் உரிமை, காலப்போக்கில் சூரஜ்மல் கம்பெனியைச் சேர்ந்த ஜேசிங்லால் மேத்தாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. நகை வியாபாரியின் பெட்டகத்திலே நவரத்தினத்தோடு தமிழ்க் கவிதையும் இருந்தது என்றால் வேடிக்கைதானே? அந்த உரிமையை ஸ்ரீ மெய்யப்ப செட்டியார் விலை கொடுத்து வாங்கினார்.

ஸ்ரீ ஆர். சுதர்சனம் இசையமைக்க, காஞ்சீபுரத்து ஸ்ரீமதி டி. கே. பட்டம்மாள் பாடினார். கண்ட கண்ட பாட்டுக்கெல்லாம் சினிமாவில் குரல் கொடுப்பவர் அல்ல அவர். பக்திப் பாட்டும் தேசபக்திப் பாட்டுமே அவருக்கு உகந்தவை. திரையில் அதற்கு ஆடியவள் வழுவூர் ராமையா பிள்ளையின் சிஷ்யை, சிறுமி குமாரி கமலா. பள்ளு என்பது வயலில் உழைப்பவர்களின் இலக்கியம். சுதந்திரம் கனவாக இருந்த காலத்தில், அது கைக்கு வந்துவிட்டதாகவே வைத்துப் பாரதியார் குதூகலித்த பாட்டு அது. 1947 ஜனவரியில் படம் வெளிவந்தபோது சுதந்திரம் இன்னும் வரவில்லை. ஜனங்கள் கொட்டகையிலே முன்கூட்டியே அதைக் கொண்டாடினார்கள். அரக்கினால் ஆன இசைத்தட்டோ, ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் இடம் கொடுக்கும். அந்த மூன்று நிமிஷம், படம் பார்க்காதவர் வீட்டிலும் புகுந்தது. அதே வருஷம் ஆகஸ்டு 14-ஆம் தேதி இரவு, சென்னை ரேடியோ நிலையத்தில் ஸ்ரீமதி பட்டம்மாள் அதே பாட்டைப் பாடியபோது பாரதியின் கனவு பலித்துவிட்டது.

தேசத்துக்கு விடுதலை கிடைத்தது. பாட்டுக்குக் கிடைத்ததா? இல்லை! 1948-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டொன்றைச் சேர்த்தபோது, உரிமை தம்முடையது என்று ஏவி.எம். ஆட்சேபித்து வழக்குத் தொடர்ந்தது. சட்டப்படி அது நியாயம். முதல் போட்டவர் லாபத்தைக் காப்பது வியாபார தர்மமும் ஆகும். அவர் பணத்தால்தான் பாட்டு பட்டிதொட்டி எங்கும் பரவியது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஆயினும், எல்லோரும் சமம் என்று பாடியவரின் பாட்டைச் சிலர்தான் பதியலாம் என்றால் நெஞ்சு ஒப்புமா?

எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், டி. கே. சண்முகம் ஆகியோர் கவியின் மனைவி செல்லம்மாளையே நேரில் கண்டு பேசினார்கள். 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சர்க்கார், பாரதி நூல்களின் உரிமையைப் பொதுமக்களுக்காக வாங்க முன்வந்தது. நூல்களின் உரிமையை வைத்திருந்த தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் இரு புதல்விகளுக்கும் தலைக்கு 5,000 ரூபாயும் கொடுத்தார்கள். ஸ்ரீ மெய்யப்ப செட்டியாரோ தாம் விலைக்கு வாங்கிய உரிமைக்கு ஒரு காசும் கேளாமல் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டார். வழக்காடிய கையே வழங்கவும் செய்தது!

இன்று நாச்சியாபுரத்துப் பள்ளிக் குழந்தை அந்தப் பள்ளைப் பாடி ஆடினால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தேசத்தின் விடுதலையைப் பாடிய பாட்டு, தன் விடுதலைக்கு மேலும் இரண்டு வருஷம் காத்திருந்தது. அதை எழுதியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர். கடைசியில் சொந்தக்காரர்கள் நாம் அனைவருமே.