புதுக்கோட்டை பயில்வான் எடுத்த படங்கள் எங்கே? ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை!

குன்றாண்டார்கோவில்:

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில் பாறையைக் குடைந்து கட்டிய சிவன் கோவில் இருக்கிறது. முன்னால் உள்ள மண்டபம் தேர் மாதிரி. கல் சக்கரம், கல் குதிரைகள். குதிரை ஒரு அடிகூட நகராது. ஆனாலும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தேர் ஓடும்!

பேசாத படம் பார்ப்பதும் இதே வேலைதான். பாதியைத் திரை காட்டும். மீதியை நம்ம மனசுதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பல்லவர் காலத்துக் குடைவரை இன்னும் நிற்கிறது. ஆனால் இதே புதுக்கோட்டைச் சீமையில் பிறந்த ஒருவர் நூறு வருஷத்துக்குள் எடுத்த பேசாத படங்களைக் காணோம். அத்தனையும் மாயம்!

சாண்டோ யார்?

அவர்தான் ராஜா சாண்டோ. 1894-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சொந்தப் பெயர் நாகலிங்கம். (சாண்டோ சின்னப்பா தேவர் வேறு, இவர் வேறு. பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.) கட்டுமஸ்தான உடம்பு. அந்தக் காலத்தில் உலகமே பேசிய பயில்வான் சாண்டோவின் பெயர் இவருக்கும் ஒட்டிக்கொண்டது.

பம்பாய்க்குப் போனார். 1920-களில் பேசாத பட ஹீரோ ஆனார். 1926-ல் வந்த ‘டைப்பிஸ்ட் கேர்ள்’ படத்தில் பெரிய நட்சத்திரம் சுலோசனாவுடன் நடித்தார். பாஷை ஒரு தடையே இல்லை. வாயைத் திறந்து பேசினால்தானே தமிழனா, மராட்டியனா என்று தெரியும்!

பிறகு சென்னைக்குத் திரும்பிப் படங்களை டைரக்ட் செய்தார். புராணக் கதைகளே ஓடிய நேரத்தில் நாட்டு நடப்பைப் படம் பிடித்தார். 1930-ல் ‘பேயும் பெண்ணும்’. 1931-ல் ‘அனாதைப் பெண்’. இது வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல். முதல் தமிழ்ப் பேசும் பட நாயகி டி.பி. ராஜலட்சுமியும் இவருடைய பேசாத படங்களில் நடித்தவர்தான்.

சாண்டோ 1943-ல் காலமானார். அவர் பெயரில் தமிழக அரசு விருது இருக்கிறது. பார்க்கத்தான் படம் இல்லை.

அழித்தது யார்?

முதல் எதிரி, பேசும் படம். 1931 அக்டோபர் 31-ல் ‘காளிதாஸ்’ வெளியானதும் ஊமைப் படத்துக்கு மவுசு போச்சு. ஓடாத படத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்கவே பல ஊர்களில் பழைய சுருள்களை அழித்தார்கள்.

இரண்டாவது எதிரி, அந்த ஃபிலிமே! அப்போதைய நைட்ரேட் ஃபிலிம் பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்கூட எரியும். எரியாவிட்டாலும் தானாகவே பிசுபிசுத்துத் தூளாகிவிடும்.

சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ உள்பட, தென்னாட்டில் தயாரான பேசாத கதைப்படங்கள் நூற்றுக்கு மேல். பிழைத்தது ஒன்றே ஒன்று.

கோர்ட் காப்பாற்றிய படம்!

அது 1933-ல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’. நாகர்கோவில் கம்பெனி படம். டைரக்டர் பி.வி. ராவ். திருவனந்தபுரத்தில் திரையிட்டதுமே சிக்கல். நாவலின் உரிமை எங்களுடையது என்று பதிப்பகத்தார் வழக்குப் போட்டார்கள். படம் பறிமுதல்! தயாரிப்பாளர் பாவம், கையைச் சுட்டுக்கொண்டார்.

ஆனால் அந்தச் சுருள்கள் புத்தகக் கம்பெனியிலேயே கிடந்தன. 1974-ல் புனே தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். வழக்கில் மாட்டியதால் பிழைத்தது!

எப்படிப் பார்ப்பது?

பேசாத படம் என்றால் ஆட்கள் தத்தித் தத்தி ஓடுவார்கள் என்று நினைப்பு. அது படத்தின் குற்றம் இல்லை. கையால் சுற்றி, வினாடிக்கு சுமார் 16 படம் என்று எடுத்ததை 24 வேகத்தில் ஓட்டினால் வேறெப்படி இருக்கும்? சரியான வேகத்தில் பாருங்கள். நடை நடையாகவே இருக்கும்.

அந்தக் கொட்டகைகளில் நிசப்தமும் இல்லை. ஆர்மோனியம், தபேலா முழங்கும். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார்.

பழகாதவர்கள் சாப்ளினின் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் ஆரம்பிக்கலாம். ‘காளிதாஸ்’ வந்த அதே 1931-ல், வசனமே வேண்டாம் என்று பிடிவாதமாக எடுத்தது. கடைசிக் காட்சியில் அந்தப் பூக்காரியின் விரல்களைக் கவனியுங்கள். செல்போனை நோண்டிக்கொண்டே பார்த்தால் அதுவும் போச்சு.

பரணைப் பாருங்கள்!

சாண்டோ படம் கிடைக்கவே கிடைக்காதா? ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ பற்றிய டென்மார்க் டைரக்டரின் படம் 1981-ல் நார்வே மனநல மருத்துவமனையில் கிடைத்தது. ஜெர்மனியின் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தில் காணாமல் போன காட்சிகள் 2008-ல் அர்ஜென்டினாவில் அகப்பட்டன.

எனவே பழைய கொட்டகைக்காரர் வீட்டுப் பரணில் துருப்பிடித்த வட்டத் தகர டப்பா கண்ணில் பட்டால், தீப்பெட்டியைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். பழைய இரும்புக் கடைக்கும் போட வேண்டாம். புனே காப்பகத்துக்கு ஒரு தகவல் கொடுங்கள்.